கிரேக்கத் தீவுக்காரரும் என் செயலாளர் பதவியும்

நான் அஞ்சாப்பு தாண்டாதவன். ஆனாலும் தாராவியில் என்னளவுக்குத் தோல் பெட்டி தைத்தவனும் இல்லை, மேடையில் பேசியவனும் இல்லை.

அறுபதுகளில் எங்கள் படிப்பக ஆண்டு விழாவில் ஒரு வழக்கம். செயலாளர் பதவிக்கு நிற்கிறவன் வெளிநாட்டு வீரர் ஒருவரைப் பற்றி முழங்க வேண்டும். பிறகு கூட்டம் கைதூக்கி ஆளைத் தேர்ந்தெடுக்கும். அந்த வருஷம் நானும் சோடாக் கடைக்காரரும் நின்றோம். எனக்குப் பதவி கிடைத்த மாதிரியே நினைப்பு; வாசலில் மாட்ட, 'செயலாளர்' என்று பலகைகூட எழுதி வாங்கிவிட்டேன்.

சோடாக்காரர், வருஷா வருஷம் எல்லாரும் பேசித் தேய்ந்த இத்தாலி வீரர் ஒருவரையே பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அடுத்த வரியைக் கூட்டமே சொல்லிற்று.

என் சரக்கு புதுசு. மாட்டுங்காவிலிருந்து பெட்டிக்குக் கைப்பிடி மாற்ற வந்த ஆபீசர் ஒருவர், நான் தைத்து முடிக்கும்வரை சொன்ன கதை. அதற்கும் நூறு வருஷம் முந்தி, கிரேக்க நாட்டுப் பக்கம் ஒரு தீவு. ஆண்டது இங்கிலீஷ்காரன். 'எங்களைக் கிரேக்கத்தோடு சேர்த்துவிடு' என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு குட்டித் தீவில் தள்ளிவிட்டான்.

"அங்கே கல்லும் ஆடும் தவிர ஒன்றும் கிடையாது!" என்றேன். ஆடு நான் சேர்த்தது.

தோல் பதனிடும் ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, செம்மறியா, வெள்ளாடா?"

"வெள்ளாடுதான், வே!"

"அப்ப தோல யாரு எடுத்தா?"

"இங்கிலீஷ்காரன்தான்! ஆட்டையும் உரிச்சான், ஆளையும் உரிச்சான்!"

"ஷாபாஷ்!" என்று தகரக் கூரை அதிரக் கத்தினார்கள்.

வீரர் விடுதலையாகி வந்து சட்டசபைக்கே தலைவரானார் என்றேன். இன்னும் கைதட்டல். அந்த வேகத்தில் ஆபீசர் சொன்ன மிச்சத்தையும் அள்ளிவிட்டேன். "தீவு கிரேக்கத்தோடு சேர்ந்தது. சேர்த்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பதவியே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார் அந்த உத்தமர்!"

கூட்டமே எழுந்து நின்றது. சோடாக்காரர் மேடைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "நம்ம அண்ணாச்சி மட்டும் லேசுப்பட்டவரா? அவருக்கும் பதவி எதுக்குங்கேன்!" என்று கூவி, ஒரு மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

"வே, கொஞ்சம் பொறும்..." என்றேன். தட்டிய தட்டில் எனக்கே கேட்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, பதவி வேணும் என்று எப்படிக் கேட்க?

சோடாக்காரர் போட்டியில்லாமல் செயலாளர் ஆனார். ஆகட்டும். அவருக்குப் பின்னாலும் எத்தனையோ செயலாளர்கள் வந்தார்கள், போனார்கள். வேண்டாம் என்று மாலை வாங்கியவன் நான் ஒருவன்தான். பம்பாயில் கோவண்டி வரைக்கும் விசாரித்துப் பாருங்கள்.