தாகத்துக்குக் காபி

1991இல் அக்கா தலைப்பிரசவத்துக்குப் பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தாகம் என்று கேட்டால் காபிதான் வரும். மதியம் டீ, பிறகு மறுபடியும் காபி. கம்பெனியில் வேலை பார்த்த மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகோ பவுடர் டப்பா வாங்கிவந்தார். பால் நன்றாக ஊறுமாம். சாயங்காலத்துக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

"ஒரு வாய் பச்சத்தண்ணி குடும்மா" என்று அக்கா கெஞ்சுவாள்.

"வவுறு பானையாட்டம் ஆயிடும்டி. காபி கீது, குடி" என்பாள் அம்மா.

குழந்தை தூங்கவே இல்லை. பால் குடித்த கையோடு வீலென்று அலறும், கைகால் வெடவெடக்கும். மந்திரித்தார்கள், வசம்பு கட்டினார்கள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. கடைசியில் எங்களோடு இருந்த பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: "உன் பாலுதான்டி கெட்ட பாலு. நிறுத்திடு."

அக்காவின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்தார்கள். பால் பவுடரைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். மெல்ல மெல்லக் குழந்தை தூங்க ஆரம்பித்தது. பெரியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் புட்டியை யாரும் கொதிக்கவைக்கவில்லை, வெறுமனே அலசினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. வீடுவீடாக வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு, தாய்ப்பாலை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"காபி, டீ, கோகோ, எல்லாத்துலயும் தூக்கத்த வெரட்டுற சத்து இருக்குதும்மா. அது தாய்ப்பால்ல எறங்கும். நமக்கு அன்னிக்கே போயிடும், பச்சக் கொழந்த ஒடம்புல நாள்கணக்கா தங்கும். காபியக் கொறச்சிருந்தா போதும். பால ஏன் நிறுத்துனீங்க?"

அதற்குள் குழந்தை துவண்டுபோயிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தை பிழைக்கவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தூக்குவாளியில் காபி கொண்டுவந்து அக்காவிடம் டம்ளரை நீட்டினார். "குடிம்மா, தெம்பா இருக்கும்."

அக்கா டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். அம்மாவே எழுந்துபோய்ச் சொம்பு நிறைய மொண்டுவந்து கொடுத்தாள். அக்கா மூச்சுவிடாமல் குடித்தாள். யாரும் தடுக்கவில்லை.