அண்ணன் சொன்ன கவிதைகளும் நீங்கள் காட்டிய முகமும்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவுநாள் சாப்பாட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, "தங்கமான பையன்" என்று பெருமூச்சு விடப் போகும் உறவினர்களுக்காகவே தங்கை நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மல்லேஸ்வரத்தில் பிறந்தார். தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுபோல் வரும். கவிதையை எழுதி வைப்பதைவிட எழுந்து நின்று சொல்வதுதான் பிடிக்கும். அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவில், சித்தப்பா மகளின் திருமண வரவேற்பில் வாழ்த்துக் கவிதை சொல்ல அவரை மேடையேற்றினீர்கள். மணமக்களை மனமார வாழ்த்தியபின், "நான் ஓர் ஆணை நேசிக்கிறேன். எங்களையும் வாழ்த்துங்கள்" என்று முடித்தார்.

"டேய், மைக்க ஆஃப் பண்ணுடா! மானமே போச்சு" என்று கத்தினார் சித்தப்பா. அன்றோடு உங்கள் வீட்டு வாசல்கள் அண்ணனுக்கு மூடிக்கொண்டன.

அவர் நேசித்தவர், அடுகோடிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சலீம். பட்டறை மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். அம்மாவும் நானும் மட்டுமே போய்வந்தோம். லேத் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், இவர்களைப் போல வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் அங்கே கூடுவார்கள். அண்ணன் கவிதை சொல்வார். பிறகு அவரவர் பட்டதை அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்வார். சாகப் போகிறேன் என்று வந்த ஒருவர்தான் இன்று அந்தக் கூட்டத்தை நடத்துகிறார்.

ஒருநாள், பூங்காவில் உட்கார்ந்திருந்த அவர்களில் இருவரைப் போலீஸ் பிடித்துப் போனது. அண்ணன் ஸ்டேஷன் வாசலில் நின்று உரக்கக் கவிதை சொன்னார். கூட்டம் சேர்ந்தது. "ஏனோ இது, நாடகானா?" என்று கன்னடத்தில் கேட்டபடி ஒரு காவலர் லத்தியால் தாடையில் அடித்தார். மாலைக்குள் இருவரையும் விட்டுவிட்டார்கள். அண்ணனுக்குத்தான் பேச்சுக் குழறியது. சலீம் காலைதோறும் எதிரே உட்கார்ந்து, "பரவால்ல, இன்னொரு தபா சொல்லு. எனக்குப் புரியற வரைக்கும் சொல்லு" என்பார். மாதங்கள் கழித்து அண்ணன் மீண்டும் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்கு உங்களில் ஒருவர்கூட வரவில்லை. உடல் மல்லேஸ்வரம் வந்தபோதுதான் வந்தீர்கள். வந்ததும் சித்தப்பா சலீமை மறித்தார்.

"நீ கேட்டுக்கு வெளிய நில்லுப்பா. இது சொந்தக்காரங்க காரியம்."

அம்மா எழுந்து வந்தார். "சலீம் தோள் குடுக்காம என் புள்ள இங்கேருந்து போகாது. பிடிக்கலன்னா நீங்க கிளம்புங்க."

சலீம் முன்னால் நின்று தூக்கினார்.

இந்த மலரில் அவர் பெயர் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினீர்கள். வந்திருக்கிறது.

கடைசிவரை அண்ணனைத் தாங்கிய சலீமுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கும் அம்மாவும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். உறவினர்களாகிய உங்களுக்கு நன்றி சொல்ல எங்களிடம் காரணம் எதுவும் இல்லை. இலை போட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.