முதல் மூன்று மாதம் எங்கே இருந்தாய்?

முத்துப்பேட்டையிலிருந்து டாக்டர் ரஹ்மத் பீவியின் தம்பி அழைத்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், வந்துருங்க." தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை. டாக்டருக்கு உதவியாளராகக் களப்பணிக்கு ஊர் ஊராக அலைந்த களைப்பே எனக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தெற்கே சில கடற்கரை ஊர்களில் மணலிலேயே கதிர்வீச்சு உண்டு. அதனால் பிறவிக் குறை வருகிறதா என்று, அங்கே பிறந்த குழந்தைகளை நம் டெல்டாக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அதே வேலைதான். பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. மேலிடத்துக்கு ஏக சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் நாகப்பட்டினத்துப் பிரசவ வார்டில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். மடியில் உதடு பிளந்து பிறந்த பிள்ளை. பக்கத்தில் அவள் தாயார் பொருமிக்கொண்டிருந்தார். "கிரகணத்தன்னிக்கு வெளிய போவாதடின்னு போன்ல தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

"போன்லயா? அப்ப இவ எங்க இருந்தா?" என்றார் டாக்டர்.

"தெக்க, புருஷன் வீட்டுலதான். ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுத்தானே இங்க அழைச்சாந்தோம்."

டாக்டர் சுவரில் சாய்ந்துவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த சங்கதி. கருவில் உதடு கூடுவது முதல் மூன்று மாதத்தில் என்பதும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்த ஊரை வைத்தே பிள்ளைகளைப் பிரித்திருந்தோம். தெற்கே கருவான பிள்ளைகளும் எங்கள் கணக்கில் இந்த ஊர்ப் பிள்ளைகளாகிவிட்டிருந்தன.

முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார் டாக்டர். "யாருக்கும் தெரியாததை ஏன் கிளறுறீங்க?" என்று மேலதிகாரி அலுத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்" என்றார், அவ்வளவுதான். நிதி நின்றது. பதவி உயர்வும் போயிற்று. முதல் மூன்று மாதம் எங்கே இருந்தாய் என்று கேட்டு மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினோம். பாதிப் பேர் ஊர் மாறியிருந்தார்கள். கடைசிவரை விடை கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன என்று ஆத்திரத்தில் ஒருநாள் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டேன். "உட்காருங்க சரசு, டீ ஆறுது" என்றார்.

குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நான் என்ன தப்பு செய்தேன்? "நீ ஒண்ணும் செய்யலம்மா. கிரகணமும் இல்ல" என்பார். அப்புறம் எதனால் என்றால், "தெரியலம்மா" என்பார். அதைச் சொன்னதும் மற்ற டாக்டர்கள் எழுந்துவிடுவார்கள். அவர் எழமாட்டார். அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை கட்டில் ஓரத்திலேயே இருப்பார்.

எனக்கு மூட்டு வலி. போக வேண்டிய வார்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆனாலும் தெரியவில்லை என்று சொன்ன பிறகு எழுந்து போக எனக்கும் இப்போது கால் வருவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.