பட்டு உடுத்திய இரவில் பாதிக் கட்டணம்

பிரிஸ்டல் பாலத்தடி நாடகக் கொட்டகையில் மாடிக்கு ஏறும் தெருவாசலில் இருபத்தாறு வருஷம் காசு வாங்கியவள் டார்கஸ் பில்பீம். மூன்றாம் அங்கம் முடிந்து திரை விழுந்ததும், மீதி நாடகத்துக்குப் பாதிக் கட்டணம். கதவைத் திறந்து, அரை ஷில்லிங் வாங்கி, வெளியே காத்திருக்கும் கூட்டத்தை உள்ளே விடவேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒரு நாடகத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, பாவம்.

நாடகப் பருவக் கடைசியில் நடிகர்களுக்கு ஆளுக்கொரு இரவின் வசூலைத் தருவார்கள். மெழுகுவத்தி, வாத்தியம், கூலி எல்லாவற்றுக்குமாக நாற்பது பவுண்டு கொட்டகைக்கு. மிஞ்சினால் அவர்களுக்கு, குறைந்தால் அவர்கள் தலையில். அந்த வருஷம் டார்கஸுக்கும் ஓர் இரவு கிடைத்தது.

"பாதிக் கட்டணம் உண்டுன்னு போட்டுடவா?" என்றார் காசாளர் ட்விக்.

"பெரிய நடிகைங்க ராத்திரிக்குப் போடுவீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குங்க? நான் என்ன பாதி ஆளா?"

ட்விக் தலையைச் சொறிந்துகொண்டே 'முழுக் கட்டணம் மட்டும்' என்று அச்சடிக்கக் கொடுத்தார்.

அன்றைக்கு இரவல் பட்டுப் பாவாடையில், மேடைக்குப் பக்கத்துத் தனியிருக்கை மாடத்தில் டார்கஸ் உட்கார்ந்தாள். வாசலுக்குத் தச்சர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். மாடியில் பாதி பெஞ்சு காலி.

"முப்பத்தேழுதான் தேறுது, டார்கஸம்மா," என்று ட்விக் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பவுண்டு, அதாவது அறுபது ஷில்லிங், துண்டு விழுந்தது. வாரம் ஒன்பது ஷில்லிங் வாங்குகிறவளுக்கு அது ஏறக்குறைய ஏழு வாரக் கூலி. மேடையில் ஒரு பெண் காதலனுக்காக அழுதாள். டார்கஸ் காலி பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் அங்கம் முடிந்து திரை விழுந்தது. யாரைக் கேட்டன அந்தக் கால்கள்? தாமாக எழுந்து படியிறங்கின. தச்சரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"என்ன டார்கஸக்கா, பட்டெல்லாம் பலமா இருக்கு. கப்பல்காரன் எவனாச்சும் மாட்டிக்கிட்டானா?" என்றான் வெளியே முதலாவதாக நின்றவன்.

"வாயை மூடிட்டு அரை ஷில்லிங்கை எடு. ஒவ்வொருத்தரா வா, தள்ளாதே."

நூற்று நாற்பது பேர் உள்ளே போனபிறகுதான், கதவில் ஒட்டியிருந்த 'முழுக் கட்டணம் மட்டும்' அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து, ட்விக் அவள் மடிக்காசைக் கொட்டி எண்ணினார்.

"என் ராத்திரியை நானே பாதி விலைக்கு வித்துட்டேனேய்யா."

"அதனாலதான் தப்பிச்சே. முழுசா ஒரு ஷில்லிங் கேட்டிருந்தா அந்த நேரத்துல எவன் வருவான்? நாப்பது பவுண்டு பத்து ஷில்லிங். கொட்டகைக்கு நாப்பது. இந்தா, இது உன்னது."

பத்து ஷில்லிங்கைக் கையில் வாங்கியவள், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டாள். பிறகு ஒரு ஷில்லிங்கைச் சில்லறை மாற்றி, அரை ஷில்லிங்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சனிக்கிழமை மறுபடி இதே நாடகந்தானே? மூணாம் அங்கத்துக்கப்புறம் வாசல்ல வேற ஆளைப் போடுங்க. அழுதுட்டிருந்தாளே, அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு நான் பாக்கணும்."

ட்விக் அந்தக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டார்.