வாசலில் வைத்து வாங்கிய தேங்காய்ப் பணிஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிப்படி ஏறும்போதே சாதிக்காய் வாசம் வந்துவிட்டது. அதன் பின்னால், தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து பொன்னிறமாகும் வாசம். இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். மற்றவர்கள் அதைப் பசி என்று நினைத்து ஒரு சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார்கள். நானும் மறுக்காமல் வாங்கிக்கொள்வேன்.

மகள் போறணையிலிருந்து தட்டத்தை எடுத்து வைத்தாள். கையால் கிள்ளி வைத்ததுபோலக் கரடுமுரடாக, மேலே சீனி மினுங்கிக்கொண்டு, தேங்காய்ப் பணிஸ்.

"நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோகப் போறன் அம்மா. போனமுறை எல்லாரும் ஒப்ஸ்க்ரிஃப்ட் கேட்டவை" என்றாள். செய்முறையைத்தான் அவள் அப்படிச் சொல்லுவாள். "எழுதிக் குடுத்திட்டன். யாழ்ப்பாணத்துப் பணிஸ், எங்கட குடும்பத்தில பரம்பரையாச் செய்யிறது எண்டு."

"ஓம்" என்றேன். காற்று வேணும்போலக் கிடக்கு என்று சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போய் நின்றேன்.

உங்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்துப் பேக்கரிப் பணிஸ் வேறு. அது ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மெதுவான சாமான். இதில் ஈஸ்டும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. இது மேற்கிந்தியத் தீவுகளில் திரினிடாட்டுக்காரர் செய்வது. எனக்குச் சொல்லித் தந்தவள் பெயர் மார்வா.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உதவியாளாக இருந்தேன். மார்வா அங்கே சமையல்காரி. என் வயதுதான். நெடிய கறுத்த மனிசி. அவளுடைய பின்னல்கள் ஒரு வலைத்தொப்பிக்குள் அடங்காது, இரண்டு போட்டுக்கொள்வாள். ஒரு நோர்வீஜிய மாலுமியைக் கட்டிக்கொண்டு வந்தவள். மாலுமி எப்போதோ வேறு துறைமுகம் பார்த்துப் போய்விட்டான்.

எனக்கு அப்போது நோர்ஸ்க் மொழி பிடிபடவில்லை. புளித்த கிரீமைக் கேட்டால் இனிப்புக் கிரீமைக் கொண்டுபோய் வைப்பேன். பொறுப்பாளர் பார்ப்பதற்குள் மார்வா ஒன்றும் பேசாமல் மாற்றி வைத்துவிடுவாள். இப்படி எத்தனை தரம் என்று கணக்கில்லை. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நாங்கள் இருவரும் கதைத்தது நோர்ஸ்க். அவளுடைய நோர்ஸ்க்கில் ஒரு ராகம் இருந்தது, என்னுடையதில் பிழைகள் இருந்தன. இங்கே நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதவேண்டியிருக்கிறது.

ஒருநாள் மதியம் நான் சோறும் பருப்பும் கையால் சாப்பிடுகிறேன். யாராவது வந்தால் கரண்டியைத் தூக்கலாம் என்று பக்கத்தில் வைத்திருந்தேன். மார்வா வந்து எதிரில் குந்தினாள்.

"திரினிடாட்டில எங்கட பக்கத்து வீட்டுக்காரரும் இப்பிடித்தான் சாப்பிடுவினம்" என்றாள். "அவையின்ர பேர் மூன்சாமி."

எங்கள் முனுசாமி கரும்பு வெட்டக் கடல் தாண்டி மூன்சாமி ஆகியிருக்கிறார் என்று நான் சிரித்த சிரிப்பில் சோறு புரைக்கேறிவிட்டது. அவள் முதுகில் தட்டினாள். அன்றிலிருந்து கரண்டி தேவைப்படவில்லை.

ஹவுகெட்டோவில் அவளுக்கு ஒரு சின்ன வீடு. ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏறினால் பத்து நிமிடம். அங்கேதான் பணிஸ் பழகினேன். மாவுக்குள் குளிர்ந்த பட்டரைப் போட்டு விரல் நுனியால் உதிர்ப்பாள், நாங்கள் புட்டுக்கு மாக் குழைப்பதுபோல. பிறகு தேங்காய்ப்பூ, சீனி, முட்டை, கொஞ்சம் கறுவா, சாதிக்காய், நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த திராட்சை. எனக்கு மாவைக் கண்டால் கை சும்மா இராது.

"பிசையாதை" என்பாள். "பிசைஞ்சால் கல்லாப் போகும். விட்டுவிடு, அது தன்பாட்டில சேரும்."

அவள் பைக்கற் தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்தமுறை நான் முழுத் தேங்காயும் திருவலையும் கொண்டுபோனேன். ரயிலில் பல்லுவைத்த அலகு நீட்டிக்கொண்டிருந்த அந்தத் திருவலையை மடியில் வைத்திருந்த என்னை ஒரு பொலிஸ்காரர் இரண்டுதரம் பார்த்தார். மார்வா அதன்மேல் ஏறி இருந்து, நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு திருவினாள். எனக்கு இந்த நாட்டில் அப்படிச் சிரிக்கக் கிடைத்த வீடு அது ஒன்றுதான்.

பிறகு நாங்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினோம். எங்கள் ஆட்கள் நிறையப்பேர் அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டிருந்த காலம். குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று என்று சமையலறையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நான் பணிஸ் செய்து கொண்டுவாறன்" என்றாள் மார்வா உடனே.

"பெரிசா ஒண்டும் இல்லை, மார்வா. சின்னப் பூசை. குடும்பத்து ஆக்கள் மட்டும்."

அறுபது பேருக்குச் சொல்லியிருந்தோம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். என் மச்சாள், கணவரின் அக்கா, வருகிறா, ஊர் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் நடுவில் மார்வா வந்து இருந்தால் என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள்? கறுத்த ஆட்களுக்கு எங்கள் சனத்திடம் ஒரு சொல் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை நானும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். மார்வாவைப் பழகின பிறகும்.

அந்தச் சனிக்கிழமை பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. கதவைத் திறந்தால் மார்வா. மஞ்சள் சட்டை, காதில் வளையம், உதட்டுச் சாயம். கையில் துணி மூடிய பெரிய தட்டம். ஹவுகெட்டோவிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி அதைச் சரியாமல் கொண்டுவந்திருந்தாள்.

"உள்ளுக்கு வரேல்லை. குடுத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றாள்.

அது மரியாதைக்குச் சொல்வது. அப்படிச் சொல்பவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுப்பதுதான் எங்கள் வழக்கம். திரினிடாட்டிலும் அதுதான் வழக்கமாம், அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

நான் கதவைப் பாதி திறந்தபடி, மீதியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன். "பூசை நடக்குது" என்றேன். உள்ளே யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். வடை வாசம் வாசல்வரை வந்திருந்தது.

மார்வா குனிந்து கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தட்டத்தைத் தந்தாள். "ஓம், பூசையைக் குழப்பக் கூடாது" என்றாள். "வீடு வடிவாயிருக்கு."

வீடு என்று அவள் பார்த்தது கதவு நிலையை மட்டும்தான்.

குசினி யன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பிடம் தெரியும். சனிக்கிழமைகளில் பஸ் குறைவு. மஞ்சள் சட்டை அங்கேயே வெகுநேரம் நின்றது. ஓடிப்போய்க் கூட்டிவர இரண்டு நிமிடம் போதும். நான் திரையை இழுத்து மூடினேன்.

"ஆரது வாசல்ல?" என்று மச்சாள் கேட்டா. அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் கேட்டா.

"வேலையிடத்தில கூட்டித் துடைக்கிற மனிசி. எங்கட தட்டம் ஒண்டு அவவிட்டை இருந்தது, தர வந்தவ."

வேலையிடத்துச் சமையலறையில் கூட்டித் துடைத்தது நான். துணியை எடுத்துப் பணிஸைப் பரிமாறினேன். இன்னும் இளஞ்சூடாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மச்சாள் இரண்டாவதைக் கடித்துக்கொண்டு, "நல்ல பதம். ஆர் செய்தது?" என்றா.

"நான்தான்" என்றேன். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

திங்கட்கிழமை நான் தட்டத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனேன். மார்வா கரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"பூசை நல்லா நடந்ததோ?"

"ஓம். எல்லாருக்கும் பணிஸ் நல்லாப் பிடிச்சது."

"நல்லது" என்றாள். சீவிய கரட்டை ஓரமாகத் தள்ளினாள். "வாசலில கனக்கச் சப்பாத்து இருந்தது. உன்ர குடும்பம் பெரிய குடும்பம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த நோர்ஸ்க் அதற்குப் போதும், ஒரே சொல்தான். "ஓம், பெரிசுதான்" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை நான் என் வாழ்க்கையில் யாருக்கும் சொன்னதில்லை.

அதன் பிறகும் அவள் காலையில் வணக்கம் சொன்னாள். நான் பிழையாக எடுத்துவந்த கிரீமைப் பிறகும் மாற்றி வைத்தாள். ஆனால் ஹவுகெட்டோவுக்கு வா என்று கேட்கவில்லை. நானும் போகவில்லை. அடுத்த வருடம் அவள் வேறு இடத்தில் வேலைக்குப் போனாள். கடைசி நாளில் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள், என்னையும். எல்லோரையும் பிடித்த அளவுக்குத்தான்.

பல்கனியில் மகள் வந்து பக்கத்தில் நின்றபோது இதையெல்லாம் சொன்னேன்.

"ஏனம்மா உள்ளுக்குக் கூப்பிடேல்லை?"

மச்சாளைச் சொல்லலாம், சனத்தைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. "வெக்கப்பட்டனான்" என்றேன். "அவவோட பழகினதுக்கு வெக்கப்பட்டனான்."

மகள் கைத்தொலைபேசியை எடுத்தாள். "தேடிப் பாப்பம். அவவின்ர முழுப் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஹவுகெட்டோ வீட்டு மணியில் இருந்தது விட்டுப்போன புருஷனின் பெயர், அதுவும் மறந்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் சமையலறைச் சுவரில், வேலை அட்டவணையில், என் பெயருக்கு நேர் மேலே ஆறு வருடம் எழுதியிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் என் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போவேன். இப்போது அந்த இல்லத்துக்குச் சாப்பாடு எங்கோ ஒரு பெரிய சமையற்கூடத்திலிருந்து மூடிய தட்டங்களில் வருகிறது. சமையலறையை இடித்து, சுவரை எடுத்து, அந்த இடத்தைச் சக்கர நாற்காலிகள் நிறுத்தும் அறையாக்கிவிட்டார்கள்.