லில்லி அக்கா கட்டிய துணி

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபோது, நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் இரணியல் பராமரிப்பு இல்லத்திலிருந்து செய்தி வந்தது. உதவியாளர் லில்லி பாய் அன்று அதிகாலை வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பில் இறந்துவிட்டார் என்பது முதல் வரி. பராமரிப்பு வழக்கம்போல் தொடரும், உறவினர்கள் கவலைப்பட வேண்டாம் என்பது இரண்டாவது வரி. முதல் வரியைப் படித்து அழுதேன். இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களில் பலர் கைகூப்பும் படம் போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

அந்த இல்லத்தில் ஆள் வைத்திருக்கும் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன், குழுவில் போடாமல் தனித்தனியாக. என்னை உங்களுக்குத் தெரியும், மூன்றாம் கட்டில் தங்கராஜின் மனைவி, கொட்டாரம் டீச்சர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. வீட்டில் வேறு ஆள் கிடையாது, என் ஒருத்தியால் அவரைத் தூக்கவும் ஆகாது. அதனால்தான் இரணியலுக்குக் கொண்டுபோய் விட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

விட்ட அன்று நான் மயங்கிப் போனது உண்மை. பளபளவென்ற தரை, செடிகள், வரவேற்பறையில் மீன் தொட்டி. மேலாளர் அத்தனை பணிவாகப் பேசினார். என் கணவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த பெண், மேலாளர் அந்தப் பக்கம் போனதும், குழித்துறைப் பேச்சில் மெதுவாகச் சொன்னார்: "டீச்சரே, மீன் தொட்டியப் பாத்துட்டுப் போவாதிங்க கேட்டியளா. வரும்போதெல்லாம் இவியளுக்க முதுகப் பாருங்க. முகத்த எல்லாரும் தொடச்சு வைப்பாவ." இது என்ன, வந்த இடத்தில் வம்பு பேசும் பெண்ணாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதுதான் லில்லி அக்கா.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைத்து, அந்த நேரத்துக்கான கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது, மாலை ஆறு மணிவரை டிக் விழுந்திருந்தது. வருகைப் பதிவேட்டோடு இருபது வருடம் குப்பை கொட்டியவள் நான், என்னிடமா? லில்லி அக்காவைப் பிடித்துக் கத்தினேன். அவர் கட்டில் கம்பியைக் காட்டினார். பழைய கைலியிலிருந்து கிழித்த நீலத் துண்டு ஒன்று இடப்பக்கக் கம்பியில் கட்டியிருந்தது. "இடம் சாஞ்சு கெடந்தா துணி இடத்துல. வலம் திருப்புனா துணியும் வலத்துக்கு வரும். அட்டைய நர்ஸுமாரு காலையில வந்து எழுதிட்டுப் போவாவ. துணிய நான் ஆளைப் புரட்டாம மாத்த மாட்டேன்."

அந்தத் துணியிலும் ஒரு தடவை நான் என் கைவரிசையைக் காட்டினேன். கிறிஸ்துமஸ் சமயம், கட்டில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த அழுக்குத் துண்டை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அவரையும் நேராக மல்லாத்தி, தலைசீவி விட்டேன். லில்லி அக்கா வந்தார், கம்பியைப் பார்த்தார். "உங்க ஸ்கூல்ல ரெஜிஸ்டரக் கிழிச்சு அடுப்புல போடுவியளா டீச்சரே?" அவர் தன் உள்ளங்கையை என் கணவரின் இடுப்புக்கு அடியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இடப்பக்கம்தான் சூடு, அந்தப் பக்கம்தான் கிடந்திருக்கிறார் என்று வலப்பக்கமாகத் திருப்பினார். பிறகு என் விரலைப் பிடித்து, சிவந்திருந்த தோலில் வைத்து அமுக்கினார். "இப்ப வெளுத்துட்டுத் திரும்பச் செவக்குது பாத்தியளா, அது நல்லது. வெளுக்காமக் கெடந்தா ஒடனே ஆளக் கூப்புடணும். பெறவு புண்ணு உள்ள எலும்பு வரைக்கும் போவும்."

நான்காம் கட்டில் ராஜமணி அண்ணன் விஷயம் நம் எல்லோருக்கும் பொதுவான வெட்கம். பகலெல்லாம் "ஏட்டி, கதவத் தொற" என்று, செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். காது வலிக்கிறது என்று குழுவில் முதலில் புகார் எழுதியவள் நான்தான். இரண்டு வாரத்தில் சத்தம் அடங்கியது. நாம் இல்லத்துக்கு நன்றி சொன்னோம். அடுத்த முறை போனபோது லில்லி அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அனக்கம் இல்லாமக் கெடக்காருன்னு சந்தோசப்பட்டியளே, முழிச்சுக் கெடக்காரான்னு பாத்தியளா?" தூக்க மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். அவருடைய மகனுக்குப் போன் செய்து, டாக்டரை வரவழைத்து, மாத்திரையைக் குறைக்க வைத்தது லில்லி அக்காதான். அதற்காக அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. "கூப்பாடு போடட்டு, எனக்கு அது பழகிப் போச்சு. கூப்பாடு நின்னாத்தான் நான் ஓடுவேன்" என்றார்.

புதன்கிழமை குழித்துறையில் அடக்கம். நம்மில் மூன்று பேர்தான் போயிருந்தோம். ஜெபம் முடிந்ததும் அவருடைய மகள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து, இதை என்ன செய்வதென்று தெரியவில்லை, அம்மா இல்லத்துக்கென்று கிழித்து வைத்தது என்றாள். துவைத்து மடித்த கைலித் துண்டுகள். நான் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு இல்லத்துக்குப் போனேன். தரை பளபளத்தது. மீன் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் மாற்றியிருந்தார்கள். மாடிப்படி ஏறும்போதே ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் புரிந்தது. ராஜமணி அண்ணனின் சத்தம் இல்லை. வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. அவர் மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

என் கணவரின் முகத்தில் பவுடர் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் சாய்ந்து கிடந்தார். நீலத் துண்டும் இடப்பக்கக் கம்பியில்தான் இருந்தது, லில்லி அக்கா போடும் அதே இரட்டை முடிச்சோடு. திங்கட்கிழமை அவர் கட்டியது. அதன்பிறகு உடம்பு துடைக்க அசைத்ததோடு சரி, முறையாக யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது. இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை விட்டேன், கொதித்தது. சட்டையை விலக்கிப் பார்த்தேன். இடுப்பெலும்பின் மேல் முந்திரிக்கொட்டை அளவில் ஒரு சிவப்பு. விரலால் அமுக்கினேன். அது வெளுக்கவில்லை.

டியூட்டி நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட்டையில எல்லாம் கரெக்டா இருக்கே மேடம்" என்றாள். டாக்டர் வராமல் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று சொன்னேன். திங்கட்கிழமை வருவார் என்றாள்.

லில்லி அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை ஒரு பை நிறையத் துணியும், சூடு பார்க்கத் தெரிந்த ஒரு கையும். துணி உங்களுக்கும் தருகிறேன், கட்டில்களில் கட்டுங்கள். பவுடர் போட்ட முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல், முறைபோட்டுப் போவோம்.

அன்று நானும் துப்புரவுக்கு வந்த ஒரு பெண்ணும் சேர்ந்து அவரை வலப்பக்கமாகப் புரட்டினோம். துணியை அவிழ்த்து வலப்பக்கக் கம்பியில் கட்டினேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் வந்து என்னை வெளியே அனுப்பியபோது மணி ஐந்து. அடுத்து ஆறு மணிக்கு அவரைப் புரட்ட வேண்டும். அட்டையில் ஆறு மணிக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது.