கொஞ்சம் கஷ்டம்

என் வீட்டுக்காரர் மொகி யசுயுகியின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கேட்டதே இல்லை, சத்தியம். யாராவது ஆகாத வேலையைக் கொண்டுவந்தால் தலையைச் சாய்ப்பார், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார், "இது கொஞ்சம்..." என்று இழுப்பார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது போதும். அப்படி இழுத்தால் 'எடுத்துக்கொண்டு கிளம்பு' என்று அர்த்தம். வந்தவரும் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார். யாருக்கும் முகம் கோணாது.

நாங்கள் ஜப்பானில், ஓய்சுமி என்கிற ஊரில் டயர் கடை வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் பிரேசிலிலிருந்து வந்தவர்கள். தாத்தா காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள்தான். முகம் எங்கள் முகம், பெயரில் பாதி எங்கள் பெயர். பேச்சு மட்டும் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது. தூக்கு, வை, ஆபத்து, முடிந்தது. அந்தப் பேச்சில் இவருடைய 'கொஞ்சம்' எங்கே போய் உட்காரும்?

அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுவது எங்கள் பக்கத்துப் பையன்களுக்குப் பைத்தியம். பையன்கள் என்ன, பேரன் எடுத்தவனும் வருகிறான். இவர் அதை ஏளனமாகப் பேசியதே இல்லை. ஒவ்வொரு டயருக்கும் குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு அகல ரிம் என்று செய்தவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அதற்குள் வந்தால் இவர் சந்தோஷமாக மாட்டிக் கொடுப்பார். விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று காற்று அடிப்பார். மூன்று கிலோ அழுத்தத்துக்குள் டயர் விளிம்பில் ஏறி உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்பு. ஒரு மயிரிழை கூட மேலே போகமாட்டார். மாட்டிய பிறகு நூலில் ஐந்து யென் காசைக் கட்டி மட்கார்டிலிருந்து தொங்கவிடுவார். நூலைத் தாண்டிச் சக்கரம் வெளியே நீட்டினால் எஃப்.சி. சோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலையில் இத்தனை கறார். பேச்சில் மட்டும் வெண்ணெய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடில்சன் வந்தான். எடில்சன் கனாஷிரோ, பம்பர் தொழிற்சாலையில் வேலை, சிரித்த முகம். எட்டு அங்குல ரிம் நான்கு, பளபளவென்று துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கூடவே நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர் நான்கு. அந்த டயர் ஐந்து அங்குல ரிம்முக்குச் செய்தது. மிஞ்சிப்போனால் ஆறு தாங்கும். எட்டில் மாட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டையைப் பயில்வான் போட்ட மாதிரிதான். ஓரம் ரிம்மில் பட்டும் படாமலும் தொற்றிக்கொண்டிருக்கும். காற்று சற்று இறங்கி, ஒரு பள்ளத்தில் விழுந்தால் கழன்றுகொள்ளும். அப்புறம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

இவர் தலையைச் சாய்த்தார். காற்றை உறிஞ்சினார். "இது கொஞ்சம் கஷ்டம்..." என்றார்.

எடில்சன் முகம் மலர்ந்துபோயிற்று. "கொஞ்சம்தான? பரவால்ல மொகி சான், மெதுவா பண்ணுங்க. சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று இடுப்பு வளையக் கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சரி சொன்னதாக நினைத்துக்கொண்டு போகிறான், ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் அவனுக்கே புரியும் என்றார் இவர். என்ன புரியும்? என் தலை புரியும். வியாழக்கிழமை நானே நச்சரித்துப் போன் போட வைத்தேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் காதைப் பிளந்தது. இவர் "அந்த வேலை வந்து... கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். "ஆமா ஆமா, கஷ்டம், தெரியும்! அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்! ரொம்ப நன்றி!" என்று கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான். போனைக் கொடுங்கள், நான் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீ சொன்னால் அவன் மனசு நோகும் என்றார். என் வாய் அவ்வளவு பேர் போனது.

சனிக்கிழமை எடில்சன் சிநேகிதன் கிளாடியோவோடு, அவனுடைய குட்டி லாரியில் வந்தான். கையில் எங்களுக்காகப் பாலாடைக்கட்டி ரொட்டி, சுடச்சுட. வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா பிரேசிலிலிருந்து வருகிறார். ஏழு வருஷமாகப் பார்க்கவில்லை. இந்தப் புதுச் சக்கரத்தோடு போய் விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். பழைய சக்கரங்களை டயரோடு ஹமமாட்சுவுக்கு மாறிப்போன ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். வண்டி இப்போது மரக்கட்டை மேல் நிற்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தான். அவன் சுற்றிவைத்த துணிகூடப் பிரிக்காமல் ரிம் நான்கும் மூலையில் இருந்தன.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னார். பழக்கமில்லாத வாய், அதனால் கல்லை விட்டெறிந்த மாதிரி வந்து விழுந்தது.

"முடியாது. போடமாட்டேன்."

எடில்சன் சிரிப்பு அப்படியே நின்றது. "அன்னைக்குக் கொஞ்சம் கஷ்டம்னுதான சொன்னீங்க?"

"அதுக்கு அர்த்தமே முடியாதுதான்."

"போன மாசம் அந்த வெள்ள வண்டிக்கு இழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. நான் பாத்தேன். அவன் உள்ளூர்க்காரன். எங்களுக்கு மட்டும் முடியாதா?"

வெள்ளை வண்டிக்குப் போட்டது இருநூற்றைந்து, ரிம் ஏழரை, அது கணக்குக்குள் அடங்கும் என்று இவர் விளக்கப் பார்த்தார். காதில் வாங்குகிற நிலையில் அவன் இல்லை. பின்னால் ஆறு அங்குல ரிம் பழையது ஒரு ஜோடிக்கு இரண்டு ஜோடி கிடக்கிறது, இந்த டயர் அதில் பாந்தமாக உட்காரும், ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன், சும்மா எடுத்துக்கொண்டு போ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று இவர் கெஞ்சினார். ஆமாம், கெஞ்சினார். துருப்பிடித்த ரிம்மைப் பிச்சையாக வாங்கிக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்கமாட்டேன் என்றான் எடில்சன். சக்கரங்களை ஏற்றிக்கொண்டு இருவரும் போனார்கள். நான் வாசல்வரை ஓடிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டி எங்கள் மேசையிலேயே இருந்தது. அதை யார் தின்பது?

ஞாயிறு காலை கடை திறக்கும்போது கிளாடியோ மட்டும் வந்து நின்றான். குடியிருப்புக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் அவர்களே மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். டயருக்குள் எரிவாயுவைப் பீய்ச்சி நெருப்பு வைத்தால் 'டப்' என்று விரிந்து உட்காரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது. மூன்று உட்கார்ந்துவிட்டது. நான்காவது ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் ஏறவில்லை. காற்றை அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், எத்தனை கிலோ என்று யார் பார்த்தது. எடில்சன் கையால் ஓரத்தைத் தள்ளிக் கொடுத்திருக்கிறான். டயர் விளிம்புக்குள் ஓடுகிற கம்பி அறுந்து வெடித்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மற்றதைக் காப்பாற்ற இப்போது அறுவை சிகிச்சை நடக்கிறது.

கிளாடியோ திட்டத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். திட்டுவதற்கு வார்த்தை போதவில்லை அவனுக்கு. அழுதுகொண்டே, அம்மா விமானம் மத்தியானம் இறங்குகிறது, நான் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொன்னான். என் வீட்டுக்காரர் ஷட்டரை இறக்கினார், வேன் சாவியை எடுத்தார். அம்மா பெயர் என்ன என்று கேட்டார். தெரேசா என்றான்.

விமான நிலையத்தில் அட்டையில் பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெரேசாம்மா சின்ன உருவம், பெரிய பெட்டி. வாயைத் திறந்தால், எங்கள் ஊரில் இப்போது யாரும் பேசாத பழைய மரியாதைப் பேச்சு. பெற்றவர்களிடம் கற்றுக்கொண்டதை அங்கே கெடாமல் வைத்திருக்கிறார். எடில்சனால் வர முடியவில்லை, நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா, பாவம் என்றார் அந்தம்மா. வேனில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இவருக்கு ஜாடை காட்டினேன். ஏறினோம். ஒரு ஊர் போயிற்று, இரண்டு ஊர் போயிற்று, இவர் வாயைத் திறக்கவில்லை. சரி, நான்தான் வாயாடியாயிற்றே, நானாவது சொல்வோம் என்று பின்பக்கம் திரும்பினேன். அந்த முகத்தைப் பார்த்ததும், "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

அவர் சிரித்துவிட்டு, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். டயர் கடை என்றேன். அவ்வளவுதான், அந்தம்மா மடியிலிருந்த பையை அவசரமாகத் திறந்தார். "அந்த மொகி சான் நீங்கதாங்களா? புதன்கிழம எம்புள்ள போன்ல சொன்னானுங்க. யாரும் தொடாத கஷ்டமான வேலைய எனக்காக ஒருத்தர் ஏத்துக்கிட்டாரும்மா, இந்த ஊர்ல என்னை மனுஷனா மதிச்சவர்னான். நானே கிண்டிக் கொண்டுவந்தேங்க." கொய்யாப்பழ அல்வா, துணியில் கட்டி, முடிச்சுப் போட்டது. இருக்கைகளுக்கு நடுவே இரண்டு கையாலும் நீட்டினார்.

இவர் வேனைச் சாலையோர ஓய்விடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார், மறுக்கத் தெரிந்த மனுஷனா? மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து அந்தம்மா இவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மௌனத்தைப் படிக்கத் தெரிந்தவர்.

"உசுரோட இருக்கானா?" என்றார்.

"இருக்கான்மா. ஆஸ்பத்திரில இருக்கான். சோத்துக் கைல ரெண்டு விரல் போயிருச்சு. நான் அந்த வேலைய ஏத்துக்கவே இல்ல. முடியாதுன்னு மொதல்லயே சொல்லத் தெரியல. அவனா மாட்டப்போயி டயர் வெடிச்சிருச்சு."

முழுசாக, நேராக, இழுக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பொட்டலத்தைத் திருப்பி நீட்டினார். அந்தம்மா அதை வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வாங்கியிருந்தால், பிடுங்கி வெளியே வீசியிருந்தால்கூட, எங்களுக்கு ஆறியிருக்கும்.

"ஓட்டுங்க" என்றார்.